கடலோரக் கூடாரம் கற்பிக்கும் பாடம்

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு உழைக்கின்றனர் என்பதை அறிந்தால் அந்நாட்டின் வளம் விளங்கும். அவர்கள் ஓய்வு நாட்களை எவ்வாறு கழிக்கின்றனர் என்பதை அறிந்தால் அவர்களுடைய மனம் விளங்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் கோடை விடுமுறை வந்துவிட்டால், பல குடும்பத்தினர் கூடாரத்தையும் சமையல் சாமான்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு காட்டையோ மலையையோ கடற்கரையையோ நாடிப் புறப்பட்டு விடுகின்றனர். அங்கே சில நாட்கள் தங்கி, தாமே சமைத்து உண்டு, தரையில் படுத்து உறங்கித் திரும்புகின்றனர். இதுவே முகாம் வாழ்க்கை.

இவ்வாண்டு வகுப்பில் கடலலைகளைப் பற்றிப் படித்த நாங்கள், அப்பாடத்தை ஒட்டி அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக் கடலோர முகாம்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டினோம். உல்லாசப் பயணம் போலத் தோன்றும் இப்பொருளில் சட்டம் உண்டு, நிலநூல் உண்டு, உயிர் காக்கும் பாடம் ஒன்றும் உண்டு. அவற்றைத் தோழியரோடும் பெற்றோரோடும் எங்கள் அன்புச் சகோதரியரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மாநிலப் பூங்கா என்பது யாது?

பூங்கா என்றவுடன் நம் கண்முன் தோன்றுவன பூச்செடிகளும் ஊஞ்சலும் சிமெண்டுப் பெஞ்சுகளுமே. அமெரிக்காவில் அச்சொல்லுக்கு இன்னும் விரிந்த பொருள் உண்டு. மலை, காடு, ஏரி, கடற்கரை முதலிய இயற்கை இடங்களை எவரும் அழித்துவிடாதபடி அரசு காத்து, மக்கள் வந்து கண்டு மகிழத் திறந்து வைத்திருக்கும் நிலப்பரப்பே அங்குப் பூங்கா எனப்படும். மத்திய அரசு நடத்துபவை தேசியப் பூங்காக்கள். 1872-ஆம் ஆண்டில் ஏற்பட்ட எல்லோஸ்டோன் அவற்றுள் முதலாவது. அந்தந்த மாநில அரசு நடத்துபவை மாநிலப் பூங்காக்கள்.

ஒரிகன் மாநிலம் அமெரிக்காவின் வடமேற்கில், பசிபிக் பெருங்கடலின் ஓரத்தில் உள்ளது. அதற்கு வடக்கே வாஷிங்டன் மாநிலம், தெற்கே கலிபோர்னியா. அதன் கடற்கரையின் நீளம் சுமார் 580 கிலோமீட்டர். அம்மாநிலப் பூங்காக்களின் முதல் மேற்பார்வையாளராக 1929-இல் சாமுவேல் போர்ட்மன் என்பவர் பொறுப்பேற்றார். 1950 வரை அவர் அப்பணியில் இருந்தார். நன்கொடையாகக் கேட்டும், விலை கொடுத்து வாங்கியும் அவர் சேர்த்து வைத்த நிலங்களே இன்று பல பூங்காக்களாக விளங்குகின்றன.

இப்பூங்காக்களின் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வந்து தங்குவோர் செலுத்தும் கட்டணம், மாநில லாட்டரி வருவாயில் ஒரு பங்கு, வீடு போன்ற பெரிய பயண வண்டிகளின் பதிவுக் கட்டணம் ஆகியவற்றிலிருந்தே பெரும்பகுதி கிடைக்கிறது. எனவே முகாமுக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் அப்பூங்காவைக் காப்பதில் பங்கு பெறுகிறது எனலாம்.

கடற்கரை யாருக்குச் சொந்தம்?

கடற்கரையில் முகாமிட வேண்டுமானால், முதலில் கடற்கரைக்குச் செல்லும் உரிமை இருக்க வேண்டும் அன்றோ? அமெரிக்காவின் பல பகுதிகளில் கடற்கரை மணலின் ஒரு பகுதி தனியாருக்குச் சொந்தம். அங்கே பிறர் கால் வைக்கவும் இயலாது. ஒரிகனில் அந்நிலை இல்லை. அதற்குக் காரணமான கதை சுவையானது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரிகன் கடலோரத்தில் நல்ல சாலைகள் இல்லை. கெட்டியான ஈர மணலே சாலையாகப் பயன்பட்டது. வண்டிகள் அதன்மீது ஓடின. அப்போது ஆளுநராக இருந்தவர் ஆஸ்வால்ட் வெஸ்ட். கடற்கரை துண்டு துண்டாக விற்கப்படுவதைத் தடுக்க அவர் ஓர் எளிய வழி கண்டார். கடற்கரையின் ஈர மணற்பகுதி முழுவதும் பொது நெடுஞ்சாலை என்று 1913-இல் சட்டம் இயற்றச் செய்தார். நெடுஞ்சாலையை யாராவது விலைக்கு வாங்க முடியுமா? கடற்கரை மக்களுக்கே நிலைத்தது.

ஆனால் அச்சட்டம் ஈர மணலை மட்டுமே காத்தது. அலை எட்டாத உலர்ந்த மணலைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. 1966-இல் கேனன் பீச் என்ற ஊரில் ஒரு விடுதிக்காரர் தம் விடுதிக்கு முன்னிருந்த உலர்ந்த மணலை வேலியிட்டு, தம் விருந்தினர் மட்டுமே அங்கு அமரலாம் என்றார். மக்கள் கொதித்தெழுந்தனர். சட்டமன்றத்தில் நீண்ட விவாதம் நடந்தது. அன்றைய ஆளுநர் டாம் மெக்கால் 1967 மே மாதத்தில் ஹெலிகாப்டரில் கடற்கரைக்கே சென்றிறங்கி, எந்த எல்லை வரை மக்களுக்கு உரிமை வேண்டும் என்பதை நில அளவையாளர்களைக் கொண்டு அளந்து காட்டினார். அவ்வாண்டு ஜூலை 6-ஆம் நாள் புதிய சட்டத்தில் கையொப்பமிட்டார். நீர் விளிம்பிலிருந்து செடிகொடிகள் முளைக்கும் எல்லை வரை உள்ள மணற்பரப்பு முழுவதையும் எவரும் பயன்படுத்தலாம் என்பதே அச்சட்டத்தின் சாரம்.

இது நீதிமன்றம் வரை சென்றது. 1969-இல் மாநில உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கமே தீர்ப்பளித்தது. பழங்குடியினர் காலந்தொட்டு மக்கள் இம்மணலைத் தடையின்றிப் பயன்படுத்தி வந்துள்ளனர். இடையறாத அந்த வழக்கமே அவர்களது உரிமைக்குச் சான்று என்று நீதிமன்றம் கூறியது. பத்திரம் இல்லாத ஏழைக்கும் வழக்கம் என்பது ஒரு பத்திரம் ஆகும் என்பதை இங்கே கண்டு வியந்தோம்.

முகாமில் ஒரு நாள்

இனி ஒரு முகாமுக்குள் நுழைந்து பார்ப்போம். நியூபோர்ட் என்னும் துறைமுக நகருக்கு வடக்கே பெவர்லி கடற்கரை மாநிலப் பூங்கா உள்ளது. முகாம் மணலின்மேல் இல்லை. நெடுஞ்சாலைக்கு உட்புறத்தில், மரங்கள் அடர்ந்த ஓடைக்கரையில், கடற்காற்று நேராகத் தாக்காத இடத்தில் அமைந்துள்ளது. சாலைப் பாலத்தின் அடியில் செல்லும் நடைபாதை வழியாக மக்கள் கடற்கரைக்குச் செல்கின்றனர். தெற்கே யக்வினா முனையின் வெள்ளைக் கலங்கரை விளக்கம் தெரியும். 1873-இல் முதன்முதலாக ஏற்றப்பட்ட அவ்விளக்கமே ஒரிகனில் உயரமானது. அதன் உயரம் 28 மீட்டர்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் எண்ணிட்ட ஓர் இடம் ஒதுக்கப்படும். அங்கே ஒரு மேசையும், நெருப்பு மூட்ட இரும்பு வளையமும் இருக்கும். குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் குளிப்பறையும் பொதுவில் உண்டு. கூடாரம் இல்லாதோருக்கு யர்ட் எனப்படும் வட்டக் குடில்கள் உள்ளன. மத்திய ஆசிய மேய்ப்பர்களின் குடிலைப் பார்த்துச் செய்யப்பட்ட இவற்றை 1994-இல் ஒரிகன் தன் பூங்காக்களில் அமைக்கத் தொடங்கியது. மழை மிகுந்த அக்கரையில் குளிர்காலத்திலும் மக்கள் வந்து தங்க இவை உதவுகின்றன. ஒரிகனின் கடலோரப் பூங்காக்கள் பலவற்றில், நடந்தும் சைக்கிளிலும் வருவோருக்குக் குறைந்த கட்டணத்தில் தனி இடம் தருகின்றனர். கார் வைத்திருப்போருக்கு மட்டும் உரியதன்று முகாம் என்பது இதனால் விளங்கும்.

அங்குள்ள கடல் நம் கடல் போன்றதன்று. கோடையிலும் நீரின் வெப்பம் சுமார் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் அளவே இருக்கும். கோடையில் வீசும் வடகாற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கிவிட, ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுந்து வருவதே இதற்குக் காரணம். அந்நீரோடு சத்துக்களும் மேலே வருவதால் மீன் வளம் பெருகுகிறது. மீனைத் தேடிப் பறவைகளும் கடல்நாய்களும் வருகின்றன. தெற்கே மெக்சிகோவுக்கும் வடக்கே அலாஸ்காவுக்கும் இடையே ஆண்டுதோறும் பயணம் செய்யும் சாம்பல் திமிங்கிலங்களும் இக்கரையோரமாகவே செல்கின்றன.

விதிகளும் அவற்றின் காரணங்களும்

முகாமில் விதிகள் பல உண்டு. காரணம் அறியாவிட்டால் விதி சுமையாகும், அறிந்தால் துணையாகும். ஆகவே சிலவற்றைக் காரணத்தோடு தருகிறோம்.

விறகை வெகு தொலைவிலிருந்து கொண்டுவரக் கூடாது. முகாமுக்கு அருகிலேயே வாங்க வேண்டும். விறகுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சிகளும் மரநோய்களும் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்குப் பரவாமல் தடுப்பதே இதன் நோக்கம்.

நெருப்பைத் தண்ணீர் ஊற்றியே அணைக்க வேண்டும். மணலால் மூடக் கூடாது. மணலுக்கு அடியில் தணல் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தையின் பாதம் வெந்துபோகும்.

மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பலகை நட்ட சில கடற்கரைகளில் உலர்ந்த மணலில் நடப்பதும், நாயை அழைத்துச் செல்வதும், பட்டம் விடுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. அது உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவை முட்டையிடும் காலம். அதன் கூடு மணலில் ஒரு சிறு குழியே; முட்டையும் மணல் நிறமே. பட்டத்தைக் கண்டு பருந்தென அஞ்சித் தாய்ப்பறவை முட்டைகளை விட்டு ஓடிவிடுமாம்.

அலையடித்து ஒதுங்கிய பெரிய மரத்தடிகள்மேல் ஏறி விளையாடக் கூடாது. சில அங்குல ஆழமுள்ள நீர் புகுந்தாலே எத்தனையோ மணங்கு எடையுள்ள தடி உருண்டுவிடும். அதன் அடியில் சிக்கி மாண்டவர் உண்டு. அமைதியான கடலிலும் திடீரென ஓர் அலை மற்றவற்றைக் கடந்து வெகுதூரம் மேலேறி வரும். அதனால் "கடலுக்கு முதுகு காட்டாதே" என்பதே அங்குப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதற்பாடம்.

மாநிலப் பூங்காவை ஒட்டிய கடற்கரை மணலில் இரவு தங்கக் கூடாது என்பது மற்றொரு விதி. பகலெல்லாம் மக்களுக்கே உரியதென்று சட்டம் கூறும் மணலில் இரவு உறங்கக் கூடாதென்பது முரண்பாடாகத் தோன்றலாம். ஓதம் உயரும்போது மணல் நீருக்குள் சென்றுவிடும் என்பதை நினைத்தால் அதன் அருமை புரியும். இதனினும் பெரிய ஆபத்து ஒன்றை அடுத்து வரும் செய்தி உணர்த்தும்.

1964-ஆம் ஆண்டு பெரிய வெள்ளி

1964 மார்ச் 27 பெரிய வெள்ளிக்கிழமை. அன்று மாலை 5 மணி 36 நிமிடத்துக்கு அலாஸ்காவில் ரிக்டர் காலத்து அளவைகளுக்கும் அடங்காத பெருநிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அளவு 9.2 என்று பின்னர்க் கணிக்கப்பட்டது. கடலின் தரை மேலெழுந்ததால் கிளம்பிய ஆழிப்பேரலை, பசிபிக் கரையோரமாகத் தெற்கு நோக்கி விரைந்தது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்து, நள்ளிரவை நெருங்கும் வேளையில் அது ஒரிகனை அடைந்தது.

அன்றிரவு பெவர்லி கடற்கரையில் ஒரு குடும்பம் மணலில் உறங்கிக்கொண்டிருந்தது. தாய், தந்தை, நான்கு குழந்தைகள். ஒரிகனில் அவர்கள் எந்த நடுக்கத்தையும் உணரவில்லை. பேரலை இருளில் வந்து அவர்களை வாரிச் சுருட்டியது. பெற்றோர் உயிர் பிழைத்தனர். நான்கு குழந்தைகளும் மாண்டனர்.

இதை வாசித்தபோது எங்கள் வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அக்குடும்பம் செய்த குற்றம் எதுவும் இல்லை. விடுமுறைக்கு வந்து அலையோசையைக் கேட்டபடி உறங்கினார்கள், அவ்வளவே. கடலுக்கு நல்லவர் தீயவர் என்ற வேறுபாடு தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர் நாமே.

ஒரிகனுக்கு அருகிலேயே இன்னொரு பேராபத்தும் இருக்கிறது. அதன் கரைக்கு அப்பால், கடற்தரையின் ஒரு பெரும்பாறைத் தட்டு கண்டத்தட்டின் அடியில் சரிந்துகொண்டிருக்கிறது. 1700 ஜனவரி 26 இரவில் அங்கே ஏறத்தாழ 9 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. எழுத்தில் குறித்து வைக்க அங்கு எவரும் இல்லாதபோது நாளும் தேதியும் எவ்வாறு தெரிந்தன? அக்கடலோரத்தில் நிலம் தாழ்ந்து உப்புநீரில் மூழ்கி மடிந்த மரங்களின் அடிகள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் வளையங்கள் காலத்தைக் காட்டின. கடலுக்கு அப்பால் ஜப்பானில், நிலநடுக்கம் எதுவும் இன்றி வந்த பேரலை ஒன்றை ஊர்க் கணக்குகளில் தேதியோடு எழுதி வைத்திருந்தனர். இரண்டையும் இணைத்த அறிவியலார் நாளையும் நேரத்தையும் கண்டறிந்தனர். அவ்விடத்தில் மீண்டும் நிலம் நடுங்கினால், பேரலை கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள் கரையை அடைந்துவிடும். ஆகவே இன்று ஒரிகன் கடலோரமெங்கும் நீலநிறப் பலகைகள் ஆபத்து எல்லையையும், மேட்டுக்குச் செல்லும் வழியையும் காட்டுகின்றன.

நமக்கும் உரிய பாடம்

இதெல்லாம் எங்கோ தொலைவில் நடந்தது என்று நாம் இருந்துவிட முடியாது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் பிறப்பதற்கு முந்திய காலம். சுமத்திரா அருகே நம் நேரப்படி காலை 6 மணி 29 நிமிட அளவில் கடலடி நடுங்கியது. சுமார் இரண்டு மணி நேரத்துக்குப் பின் பேரலை தமிழகக் கரையை மோதியது. நம் மாநிலத்தில் சுமார் 8,000 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணியரும் அவர்களுள் அடங்குவர்.

1964-இல் ஒரிகனுக்கு நான்கு மணி நேரம் இருந்தது. 2004-இல் நமக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. காலம் இருந்தும் செய்தி உரியவரைச் சென்று சேரவில்லை. அக்குறையை நீக்கவே 2007-இல் ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது. மையம் எச்சரிக்கும்; ஓட வேண்டியது நாம். ஆகவே கீழ்க்கண்டவற்றை மனப்பாடம் செய்துகொள்வோம்.

கடற்கரையில் இருக்கும்போது நிலம் பலமாகவோ நெடுநேரமோ நடுங்கினால், அதுவே எச்சரிக்கை. வேறு அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி நடந்தே செல்ல வேண்டும்.

நடுக்கம் இல்லாதபோதும் கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, பேரிரைச்சல் கேட்டாலோ, உடனே விலக வேண்டும். துள்ளும் மீனையும் கிளிஞ்சலையும் பொறுக்க இறங்கக் கூடாது.

நம் கடலோரத்தில் மேடு குறைவு. மேடு இல்லாத இடத்தில் ஊருக்குள் வெகுதூரம் செல்ல வேண்டும். இயலாவிடில் உறுதியான கட்டடத்தின் மேல் மாடிக்கு ஏற வேண்டும்.

முதல் அலை வடிந்தவுடன் திரும்பக் கூடாது. அடுத்து வருபவை அதனினும் பெரியனவாக இருக்கலாம். பல மணி நேரம் அலைகள் தொடரும். அதிகாரிகள் அறிவித்த பின்னரே திரும்ப வேண்டும்.

அன்புத் தோழியரே! கடற்கரை எல்லாருக்கும் சொந்தம் என்பதற்காக ஒரிகன் மக்கள் போராடினர். சொந்தமான பொருளைப் பேணவும், அதன் குணத்தை அறிந்து நடக்கவும் அவர்கள் கற்றுக்கொண்டனர். உரிமை ஒரு கை. பொறுப்பு மறு கை. நம் பள்ளியிலிருந்தோ வீட்டிலிருந்தோ அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, கட்டுச்சோற்றையும் தண்ணீரையும் எடுத்து வைப்பதோடு இன்னொன்றையும் செய்வோம். கடற்கரையில் இறங்கியதும் அங்குள்ள மீனவப் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, இங்கே கடல் பொங்கினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும்?" என்று கேட்டு, அவர் காட்டும் வழியை நம்மோடு வந்த தம்பி தங்கையருக்கும் காட்டி வைப்போம். அதன் பிறகு மணலில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரிப்போம்.